நாரி உளைவும் இடுப்பு நோவும் காற்பிடிப்பும்

"பிள்ளை வயித்தில எண்டால் நாரி உளையத்தானே செய்யும், பிறந்தாப் பிறகு சரிவரும்." யாழ்ப்பாணத்தில் கர்ப்பிணி ஒருத்தி தன் நோவைச் சொன்னால் வீட்டில் பெரும்பாலும் கிடைக்கும் பதில் இது. அன்போடுதான் சொல்கிறார்கள், அதில் பாதி உண்மையும் இருக்கிறது. கர்ப்பிணிகளில் ஏறத்தாழ அரைவாசிப் பேருக்கு நாரி உளைவு வருகிறது. ஐந்து பேரில் ஒருவருக்கு இடுப்பு வளையத்தின் மூட்டுகளிலேயே நோ எடுக்கிறது. பிள்ளை பிறந்த பிறகு பெரும்பாலோருக்கு அது தணிந்தும் விடுகிறது. ஆனால் அதுவரைக்கும் உள்ள மாதங்களைப் பல்லைக் கடித்துக்கொண்டு கழிக்கத்தான் வேண்டும் என்பது உண்மையல்ல. கட்டிலில் திரும்பும் விதம், முற்றம் கூட்டும் விதம், ஓட்டோவில் ஏறும் விதம் ஆகியவற்றை மாற்றினாலே பலருக்கு நோ கணிசமாகக் குறைகிறது. காசு அதிகம் தேவையில்லை. வீட்டில் உள்ளவர்களின் ஒத்துழைப்புத்தான் தேவை. அதனால் இந்த அத்தியாயத்தைக் கணவரும் மாமியும் அம்மாவும் வாசித்தால் நல்லது.

எங்கே நோகிறது என்று முதலில் பாருங்கள்

நோகும் இடத்தில் கையை வையுங்கள். கை முதுகெலும்பின் இரு பக்கமும், பாவாடை நாடா கட்டும் மட்டத்திலோ அதற்கு மேலோ போனால் அது நாரி உளைவு. நெடுநேரம் நின்றால், குனிந்து வேலை செய்தால் கூடும். சற்றுச் சாய்ந்தால் குறையும்.

கை அதற்குக் கீழே, பின்புறம் இரண்டு சிறு குழிகள் தெரியும் இடத்துக்கோ, முன்னால் அடிவயிற்றுக்குக் கீழுள்ள எலும்புக்கோ போனால் அது இடுப்பு வளைய நோ. கவட்டிலும் உட்தொடையிலும் பரவும். இதன் அடையாளம், ஒரு காலில் பாரம் ஏறும்போது நோ வெட்டி இழுப்பது. பாவாடைக்குள் கால் விடும்போது, படி ஏறும்போது, இரவில் புரண்டு படுக்கும்போது உயிர் போவது போல இருக்கும். சிலருக்கு எலும்பு 'கிளிக்' என்று சத்தமிடும்.

மூன்றாவது, குண்டியில் தொடங்கி முழங்காலையும் தாண்டிப் பாதம் வரை மின்னல் அடித்தது போல ஓடும் நோ. விறைப்பும் இருக்கலாம். இது நரம்பு அழுத்தப்படுவதால் வருவது. கர்ப்ப காலத்தில் இது அரிது. காலுக்குள் இறங்கும் நோவெல்லாம் நரம்பு நோ என்று பலர் பயந்துவிடுகிறார்கள். பெரும்பாலான வேளைகளில் அது இடுப்பு மூட்டுகளிலிருந்து பரவுவதே.

ஏன் வருகிறது? இடுப்பு என்பது மூன்று இடங்களில் மூட்டுள்ள ஒரு வளையம்: பின்னால் இரண்டு, முன்னால் ஒன்று. முன்மூட்டில் சாதாரணமாக 4 அல்லது 5 மில்லிமீற்றர் இடைவெளி உண்டு. கர்ப்ப காலத்தில் சுரக்கும் ஓமோன்கள் மூட்டுகளைக் கட்டியிருக்கும் நார்களைத் தளர்த்துவதால் அது மேலும் 2 அல்லது 3 மில்லிமீற்றர் விரியும். பிள்ளை வெளியே வருவதற்கு உடல் செய்யும் ஆயத்தம் அது. அதோடு, கர்ப்பத்துக்கு முன் சரியான நிறையில் இருந்த பெண்ணுக்குப் பிரசவத்துக்குள் 11 முதல் 16 கிலோ வரை நிறை கூடுகிறது. வயிறு முன்தள்ளுகிறது, நாரி உள்வளைகிறது, வயிற்றுத் தசைகள் இழுபட்டுப் பலம் குறைகின்றன. தளர்ந்த மூட்டுகளின் இரு பக்கமும் சமமாக அசையாதபோது நோ எடுக்கிறது. தாய்க்கு இது எவ்வளவு வேதனையாக இருந்தாலும் வயிற்றில் உள்ள பிள்ளைக்கு இதனால் கெடுதல் இல்லை.

இதிலிருந்து ஒரே ஒரு விதியை மனத்தில் வைத்தால் போதும்: கால்களை அகட்டும் வேலையையும் ஒற்றைக் காலில் பாரம் விழும் வேலையையும் தவிருங்கள். கீழே வருவதெல்லாம் அந்த விதியை எங்கள் வீடு, வளவு, தெருவுக்குப் பொருத்திச் சொல்வதுதான்.

வீட்டுக்குள்ளும் முற்றத்திலும்

கட்டிலில் இருந்து தொடங்குவோம், ஏனென்றால் பலர் அழுவது அங்கேதான். முழங்கால்கள் இரண்டையும் ஒரு துவாயால் சேர்த்துக் கட்டியிருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். திரும்ப வேண்டுமானால் முழங்கால்களை மடித்து, ஒட்டி வைத்து, தோளும் இடுப்பும் முழங்காலும் ஒரே நேரத்தில் திரும்பும்படி உருளுங்கள். எழும்பும்போது முதலில் பக்கவாட்டில் திரும்பி, இரு கால்களையும் சேர்த்துக் கீழே இறக்கி, கையை ஊன்றி எழும்புங்கள். மல்லாந்து கிடந்தபடி நேரே எழ முயல வேண்டாம். படுக்கும்போது முழங்கால்களுக்கு இடையில் ஒரு தலையணை, வயிற்றுக்குக் கீழே மடித்த சேலை ஒன்று. 28 வாரத்துக்குப் பின் உறங்கப் போகும்போது ஒருக்களித்தே படுக்க வேண்டும். அது நாரிக்கு மட்டுமல்ல, பிள்ளைக்குப் போகும் இரத்த ஓட்டத்துக்கும் தேவை. நித்திரையில் தெரியாமல் மல்லாந்து விட்டால் பதற வேண்டாம், விழித்ததும் திரும்பிப் படுத்தால் சரி. பாயில் படுத்துப் பழகியவர்கள் கடைசி மாதங்களில் கட்டிலுக்கு மாறுவது நல்லது. நிலத்திலிருந்து எழும்புவதே பெரிய வேதனையாகிவிடும்.

முற்றம் கூட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். குனிந்து முற்றம் கூட்டினால் சுகப்பிரசவம் வரும் என்ற நம்பிக்கை எங்கள் ஊர்களில் இன்னும் பலமாக இருக்கிறது. உடல் அசைவோடு இருக்க வேண்டும் என்ற அதன் உள்நோக்கம் சரியானது. முழுநேரமும் படுத்துக் கிடப்பது நாரிக்கும் நல்லதல்ல, இரத்தம் கட்டிப்போகும் ஆபத்தையும் கூட்டும். ஆனால் குட்டையான விளக்குமாற்றோடு குனிந்து, ஒரு பக்கமாகத் திரும்பித் திரும்பிப் பெரிய வளவு ஒன்றைக் கூட்டுவது, நோ உள்ள இடுப்புக்கு மிக மோசமான அசைவு. அதனால் பிரசவம் இலகுவாவதில்லை. நோ இல்லாதவர்கள் விரும்பினால் கூட்டலாம். நோ உள்ளவர்கள் நீளத் தடி போட்ட விளக்குமாற்றையோ தும்புத்தடியையோ எடுத்து, நிமிர்ந்து நின்று, உடம்பைத் திருப்பாமல் காலடி வைத்து நகர்ந்து, கொஞ்ச இடத்தோடு நிறுத்த வேண்டும். மிச்சத்தை வேறொருவர் கூட்டட்டும். மருமகளிடம் "நானெல்லாம் ஒன்பதாம் மாதத்திலும் கூட்டினனான்" என்று சொல்லும் மாமிமாருக்கு ஒரு வேண்டுகோள்: எல்லா இடுப்பும் ஒன்றல்ல. ஒரே பெண்ணுக்கே முதல் பிள்ளையில் வராத நோ இரண்டாம் பிள்ளையில் வருவதுண்டு.

கிணற்றில் கப்பியால் தண்ணீர் இழுப்பதையும், நிறைந்த வாளியை ஒரு கையில் தூக்கிப் போவதையும் நிறுத்துங்கள். மோட்டார் போட்ட வீடானாலும் வாளி தூக்கும் வேலை இருக்கும். தூக்கத்தான் வேண்டுமென்றால் அரைவாளிகளாக இரண்டு கையிலும் சமமாக. துருவலையில் குந்தித் தேங்காய் துருவுவதும், நிலத்தில் சம்மாணம் கட்டி இருந்து மரக்கறி வெட்டுவதும் கவட்டை அகட்டும் வேலைகள். மேசையில் பூட்டும் துருவலை கடைகளில் கிடைக்கிறது. மரக்கறியைக் கதிரையில் இருந்து வெட்டலாம். அடுப்படியில் நெடுநேரம் நிற்கும்போது ஒரு காலைச் சற்று உயரமான பலகையில் வைத்து, இடைக்கிடை கால் மாற்றினால் நாரி உளைவு குறையும் என்று எல்லோரும் சொல்வார்கள். நாரி உளைவு மட்டும் உள்ளவர்களுக்கு அது சரி. இடுப்பு வளைய நோ உள்ளவர்களுக்கு அது பொருந்தாது, அவர்கள் இருந்தே சமைக்க வேண்டும். மூத்த பிள்ளையை இடுப்பில் தூக்கி வைப்பதுதான் நிறுத்த மிகக் கடினமான பழக்கம். நீங்கள் கதிரையில் இருந்து பிள்ளையை மடிக்கு ஏறச் சொல்லுங்கள்.

குந்தும் மலசலகூடம் மட்டும் உள்ள வீடுகளில், நடுவில் துளையுள்ள கொமட் கதிரை ஒன்றை மேலே வைத்துவிடலாம். பிரசவத்துக்குப் பிறகும் அது உதவும், பிறகு வீட்டில் வயதானவர்களுக்கும் உதவும். பாவாடை, உள்ளாடை எல்லாம் கட்டிலில் இருந்தபடியே உடுத்துங்கள். மாடிப்படியானால் ஒவ்வொரு படியிலும் இரு காலையும் சேர்த்து வைத்து ஏறுங்கள். ஏறும்போது நோ குறைந்த கால் முதலில், இறங்கும்போது நோ கூடிய கால் முதலில்.

தோட்டத்தில் வெங்காயம் நடவும் பிடுங்கவும் போகிறவர்கள், கருவாடு போடுகிறவர்கள், பனையோலை பின்னுகிறவர்கள், மிதி மெசினில் தைக்கிறவர்கள் ஆகியோருக்கு வேலையை விடு என்று சொல்வது எளிது. நாட்கூலியில் வாழும் வீட்டில் அது நடக்காது. அவர்களுக்குச் சொல்லக்கூடியது இதுதான்: அரைமணிக்கு ஒருதரம் எழுந்து நிலை மாற்றுங்கள். ஓலை பின்னுவதைச் சுவரில் சாய்ந்து, நாரிக்குப் பின்னால் சுருட்டிய துணி வைத்துச் செய்யுங்கள். மெசினை இரண்டு பாதத்தாலும் மிதியுங்கள். பாரம் தூக்கும் பங்கை மற்றவரோடு மாற்றிக்கொண்டு இருந்து செய்யும் பங்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியைகள் வகுப்பில் கதிரை கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

தெருவில், கடலில், கோயிலில்

மோட்டார் சைக்கிளில் சேலையோடு ஒரு பக்கமாக இருந்து போவது முதுகையும் இடுப்பையும் முறுக்கும். இரண்டு பக்கமும் கால் போட்டு இருந்தால் கவடு அகலும். இரண்டும் நோகும், குழி விழுந்த ஒழுங்கையில் இரண்டும் ஆபத்து. கடைசி மூன்று மாதங்களில் கிளினிக்குக்காவது ஓட்டோ பிடியுங்கள். ஓட்டோவிலோ காரிலோ ஏறும்போது முதலில் சீற்றின் விளிம்பில் முதுகு உள்ளே பார்க்க இருந்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே எடுங்கள். சீற்றில் ஒரு பொலித்தீன் பையை விரித்தால் உடல் இலகுவாகச் சறுக்கித் திரும்பும். பஸ்ஸில் பின் சில்லுக்கு மேலுள்ள சீற்றைத் தவிருங்கள், அங்கேதான் குலுக்கல் அதிகம்.

நெடுந்தீவுப் பெண்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. குறிகட்டுவானிலிருந்து ஏறத்தாழ ஒரு மணிநேரக் கடற்பயணம். ஒரு கால் இறங்குதுறையிலும் மறு கால் அசையும் படகிலுமாக அகட்டி ஏறும் அந்தக் கணம்தான் இடுப்பு மூட்டுக்கு மிகப் பெரிய சோதனை. அவசரப்படுத்தும் கூட்டத்தை முன்னால் விடுங்கள். படகுக்காரரிடம் சொல்லி, இரு பக்கமும் ஆள் பிடிக்க, முடிந்தால் விளிம்பில் இருந்து இரு கால்களையும் சேர்த்து உள்ளே எடுங்கள். அணியத்தில் இருக்காமல் நடுவிலோ பின்னுக்கோ இருங்கள், அலையில் படகு எழுந்து விழும் அடி முன்பக்கத்தில்தான் கூட. சோளகக் காற்றுக் காலத்தில் பிரசவ நாள் வருமானால், எப்போது யாழ்ப்பாணம் வந்து தங்குவது என்பதை ஏழாம் மாதத்திலேயே கிளினிக்கில் பேசி முடிவெடுங்கள்.

நல்லூரில் 25 நாள் திருவிழா. வீதி மணலில் வெறுங்காலோடு மணிக்கணக்கில் நிற்பதும், கால் புதையப் புதைய நடப்பதும் தளர்ந்த இடுப்பை ஒவ்வொரு அடியிலும் சரிக்கும். கூட்டம் குறைந்த நேரத்தில் போய், இருந்து கும்பிடுங்கள். அடி அழிக்கும் நேர்த்தி இருந்தால் அதை அடுத்த வருடத்துக்கு வையுங்கள்.

பலம் சேர்க்கும் பயிற்சிகள்

2015இல் வெளியான கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, 5,000க்கு மேற்பட்ட கர்ப்பிணிகள் பங்குபற்றிய 34 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. பயிற்சி நாரி உளைவைக் குறைக்கிறது என்பது அதில் தெரிந்தது. இடுப்பு வளைய நோவுக்கு அதே அளவு உறுதி இல்லை. ஆகவே பயிற்சி எதுவானாலும், செய்யும்போது நோ கூடினால் நிறுத்துங்கள்.

தொடங்க இரண்டு போதும். சுவரில் முதுகு சாய்த்து நின்று, முழங்கால்களைச் சற்று மடித்து, நாரிக்கும் சுவருக்கும் இடையில் உள்ள வெளி மறையும்படி அடிவயிற்றை மெல்ல உள்ளே இழுத்து, ஐந்து எண்ணி விடுங்கள். பத்துத் தடவை. மற்றது, சிறுநீரை அடக்குவது போலக் கீழ்த்தசைகளை இறுக்கி மேலே இழுத்து, சில விநாடி வைத்து விடுவது. எங்கே இருந்தும் செய்யலாம். அந்தத் தசைகள்தான் வளையத்தின் அடித்தளம். கையும் முழங்காலும் ஊன்றி நிற்பது பலருக்கு ஆறுதல் தரும், ஏனென்றால் வயிற்றின் பாரம் நாரியிலிருந்து இறங்குகிறது. மாலையில் கட்டிலில் ஐந்து நிமிடம் அப்படி நின்று பாருங்கள். நடப்பதானால் ஒரே மூச்சில் ஒரு மைல் நடக்காமல், சிறு அடி வைத்து, மூன்று தரமாகப் பிரித்து நடங்கள்.

இடுப்புப் பட்டி சிலருக்கு நன்றாக உதவுகிறது. அதை வயிற்றுக்குக் குறுக்கே அல்ல, வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்பைச் சுற்றிக் கட்ட வேண்டும். நடக்கும்போது மட்டும். படுக்கும்போது கழற்றுங்கள்.

இரவில் கால் இழுத்தால்

கடைசி மாதங்களில் நடுச்சாமத்தில் கெண்டைக்கால் கல்லாக இறுகி எழுப்பும். "நரம்பு இழுக்குது" என்று காலைப் பிசையத் தொடங்குவோம். அதைவிட விரைவான வழி, முழங்காலை நீட்டி, பாத விரல்களை முகத்தை நோக்கி இழுப்பது. வயிறு மறைத்தால் கணவர் பாதத்தைத் தள்ளலாம், அல்லது எழுந்து பாதத்தை நிலத்தில் நன்றாக அழுத்தி நிற்கலாம். படுக்கும் முன் சுவரைப் பிடித்துக் கெண்டைக்காலை நீட்டும் பயிற்சியும் எங்கள் வெயிலுக்கு ஏற்ற அளவு தண்ணீரும் முன்கூட்டியே உதவும்.

இழுக்காமல், காலை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும் போல ஒரு அந்தரம் இரவில் வந்தால் அது வேறு. இரும்புச் சத்துக் குறைவில் அப்படி வரலாம். கிளினிக்கில் சொல்லி இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே தரும் இரும்புக் குளிசையையும் கல்சியம் குளிசையையும் ஒன்றாக விழுங்காதீர்கள், ஒன்று மற்றதை உறிஞ்ச விடாது. சாப்பிட்ட உடனே பால் தேத்தண்ணீர் குடிப்பதும் இரும்பைக் கெடுக்கும். குரக்கன் பிட்டும் எலும்போடு தின்னும் நெத்தலியும் முருங்கையிலையும் திரிபோஷவும் இந்த நாட்களில் வீட்டில் இருக்க வேண்டியவை.

மருந்தும் எண்ணெயும்

நோ தாங்க முடியாதபோது பனடோல் எடுக்கலாம். தேவையான நாளில், தேவையான அளவு மட்டும். ஒரு தடவைக்கு 500 மில்லிகிராம் குளிசை ஒன்று அல்லது இரண்டு, 24 மணிநேரத்துக்குள் எட்டுக்கு மேல் ஒருபோதும் இல்லை. நிறை 50 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கு அதிலும் குறைவு. நாட்கணக்கில் தேவைப்பட்டால் வைத்தியரைக் கேளுங்கள். பாமசியில் "நாரிப்பிடிப்பு" என்று கேட்டு வாங்கும் டைக்ளோபெனாக், ஐபுபுரூபன் வகைகள் வேண்டவே வேண்டாம். 20 வாரத்துக்குப் பின் அவை பிள்ளையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பன்னீரைக் குறைக்கலாம். கடைசி மூன்று மாதங்களில் பிள்ளையின் இதயத்துக்கு அருகிலுள்ள இரத்தக் குழாய் ஒன்றை நேரத்துக்கு முன்பே மூடவும் செய்யலாம்.

சுடுநீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி நாரிக்குப் பத்து நிமிடம் வைக்கலாம், வயிற்றில் வைக்க வேண்டாம். எண்ணெய் தடவி மெதுவாக நீவுவதில் தவறில்லை. ஆனால் முறிவு நெரிவு பார்ப்பவரிடம் போய் இடுப்பை இழுத்து நெட்டி முறிப்பது வேண்டாம். தளர்ந்த மூட்டு அதைத் தாங்காது. சித்த வைத்தியரிடம் போகிறவர்கள் கர்ப்பத்தையும் வாரத்தையும் முதலிலேயே சொல்லுங்கள். செந்தூரம், பற்பம் சேர்ந்த உள்மருந்துகளைக் கர்ப்பகாலத்தில் எடுக்க வேண்டாம்.

உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டிய நோ

37 வாரத்துக்கு முன், நாரியில் நோ விட்டு விட்டு ஒழுங்காக வந்து வயிறும் கல்லாக இறுகினால் அது நாரி உளைவல்ல, குறைமாதப் பிரசவம் தொடங்குகிறதாக இருக்கலாம். இரத்தமோ நீரோ போனால், பிள்ளையின் துடிப்புக் குறைந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு கால் மட்டும், பெரும்பாலும் இடது கால், வீங்கிச் சிவந்து சுட்டு நொந்தால் உள்நாளத்தில் இரத்தம் கட்டியிருக்கலாம். அந்தக் காலை உருவவோ எண்ணெய் போட்டு அழுத்தவோ கூடாது. அதோடு மூச்சும் வாங்கினால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். காய்ச்சல், குளிர், சலம் எரிவு, விலாவுக்குக் கீழே நோ எல்லாம் சேர்ந்தால் சிறுநீரகத் தொற்று. கவட்டிலும் குண்டியிலும் உணர்வு மரத்து, சலம் அடைத்தால் அல்லது அடக்க முடியாது போனால் முதுகு நரம்பு நெருக்கப்படுகிறது. கடும் தலையிடி, கண் மங்கல், நெஞ்சுக்குழி நோ, முகவீக்கம் ஆகியவை உயர் இரத்த அழுத்தத்தின் அறிகுறிகள்.

வாகனம் இல்லையென்றால் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், 2018 முதல் வடக்கிலும் ஓடுகிறது.

கிளினிக்கில் எப்படிச் சொல்வது

நிறை, பிரஷர், பிள்ளையின் துடிப்பு எல்லாம் பார்த்து முடிந்து "வேற என்ன?" என்று கேட்கும்போது "ஒண்டுமில்லை மிஸ்" என்று எழும்பி வந்துவிடுகிறோம். பின்னால் ஐம்பது பேர் காத்திருக்கிறார்கள், நாரி உளைவையெல்லாம் சொல்வதா என்ற கூச்சம். சொல்லுங்கள். எங்கே, எந்த அசைவில், எத்தனை வாரமாக என்ற மூன்றையும் சேர்த்துச் சொன்னால் அரை நிமிடம் போதும். "கட்டிலில திரும்பேலாமல் கிடக்கு, பாவாடை போட ஒரு கால் தூக்கேலாது, ரெண்டு கிழமையா" என்றால் குடும்பநல உத்தியோகத்தருக்கு உடனே விளங்கும். அவர் வீட்டுக்கு வரும்போது படுக்கையையும் அடுப்படியையும் காட்டிக் கேளுங்கள். இதே குடாநாட்டில் மானிப்பாயில் இருந்து மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன், பிரசவ மருத்துவ நூலொன்றை 1857இலேயே தமிழில் கொண்டுவந்தார். தாயின் நோவைத் தமிழில் கேட்டு, தமிழில் விளக்கும் மரபு எங்களுக்குப் புதிதல்ல, அதை உரிமையோடு கேளுங்கள். நோ நடையைத் தடுக்குமளவுக்குப் போனால் இயன்மருத்துவருக்கு அனுப்பும்படி வைத்தியரைக் கேட்கலாம். யாழ் போதனா வைத்தியசாலையில் அந்தப் பிரிவு உண்டு.

இடுப்பு வளைய நோ உள்ளவர்கள் பெரும்பாலும் சுகப்பிரசவமே பெறலாம், சத்திரசிகிச்சை தேவையில்லை. ஆனால் பிரசவ அறையில் உள்ளவர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். கடைசி மாதத்தில், கதிரை விளிம்பில் இருந்து, நோ எடுக்கும் வரைக்கும் முழங்கால்களை அகட்டி, அந்த அகலத்தை ஒரு நூலால் அளந்து சென்ரிமீற்றரில் எழுதுங்கள். அதைக் கர்ப்பவதி அட்டையில் குறிக்கச் சொல்லுங்கள். நோவை உணராமல் செய்யும் ஊசி போட்டபின் கால்களை அதற்கு மேல் அகட்டினால் அப்போது தெரியாது, மறுநாள் தெரியும். ஒருக்களித்துப் படுத்தோ, கையும் முழங்காலும் ஊன்றியோ பிள்ளை பெற விடுவார்களா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

பிள்ளை பிறந்த பின்

காயச்சரக்கும் பத்தியமும் அம்மாவின் பொறுப்பில் நடக்கும். இலை அவித்த சுடுநீரை நாரியில் ஊற்றுவது ஆறுதல் தரும். சூடு தோலைப் பொசுக்காத அளவாக இருக்கட்டும், சத்திரசிகிச்சைக் காயத்தில் அடித்து ஊற்ற வேண்டாம். குளிக்க வைக்கும்போது குட்டை முக்காலியில் குந்த வைக்காமல் உயரமான கதிரையில் இருத்துங்கள். பால் கொடுக்கும்போது குனிந்து பிள்ளையிடம் போகாமல், மடியில் தலையணை வைத்துப் பிள்ளையை மார்புக்கு உயர்த்துங்கள். துடக்கு நாட்கள் முழுவதும் படுத்தே கிடக்காமல் அறைக்குள்ளாவது நடங்கள். மேலே சொன்ன இரண்டு பயிற்சிகளையும், உடல் ஒத்துக்கொண்டதும், முதல் வாரத்திலேயே மெதுவாகத் தொடங்கலாம்.

பெரும்பாலோருக்குச் சில கிழமைகளில் நோ விடும். ஆறாம் வாரக் கிளினிக்கிலும் நொண்டி நடந்தால், பிள்ளையைக் காட்டியதோடு திரும்பி வந்துவிடாமல் உங்கள் இடுப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும், அதற்கும் இயன்மருத்துவம் உண்டு. அடுத்த பிள்ளைக்கு எண்ணும்போது, இந்த நோ முழுதாக விட்ட பிறகே எண்ணுவது நல்லது. மறுபடியும் வர வாய்ப்பு அதிகம் என்பதால், முதலாவது கிளினிக் நாளிலேயே "போன முறை இப்பிடி இருந்தது" என்று சொல்லி அட்டையில் எழுதுவியுங்கள்.